சமதர்ம ஜெர்மனியில் விசுவாசத்தின் விலை

தமிழகத் திருச்சபை வரலாற்றைக் கற்போர்க்கு மூன்று ஜெர்மானிய ஊர்கள் நன்கு அறிமுகமானவை. 1706-ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு பிறந்த ஊர் புல்ஸ்நிட்ஸ். அவர் பயின்றதும், பிராங்கே தம் அறநிலையங்களை நிறுவியதும் ஹல்லேயில். லைப்சிக், 1848 முதல் லுத்தரன் மிஷன் சங்கத்தின் தலைமையிடம். இம்மூன்று ஊர்களும் 1949 முதல் 1990 வரை ஜெர்மன் ஜனநாயகக் குடியரசு என்னும் சமதர்ம அரசின் ஆட்சியில் இருந்தன என்பதை நாம் அதிகமாக எண்ணிப் பார்ப்பதில்லை. 1956-இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை தன் முதல் இந்தியப் பேராயராக ராஜா பி. மாணிக்கம் அவர்களைப் பெற்று, தரங்கம்பாடி ஊழியத்தின் 250-ஆம் ஆண்டையும் நினைவுகூர்ந்தது. அதே நாட்களில், நமக்கு நற்செய்தியை அனுப்பிய ஊர்களில், ஒரு பிள்ளை தன்னைக் கிறிஸ்தவன் என்று அறிக்கையிட விலை கொடுக்க வேண்டியிருந்தது.

அவ்விலை எத்தகையது என்பதை மிகைப்படுத்தாமல் காண வேண்டும். அங்கே ஆலயங்கள் மூடப்படவில்லை. ஞாயிறு ஆராதனை நடைபெற்றது. ஆறு அரசுப் பல்கலைக்கழகங்களில் இறையியல் துறைகள் தொடர்ந்தன. திருச்சபையின் மருத்துவமனைகளும் முதியோர் இல்லங்களும் தொண்டாற்றின. பொதுவாழ்விலும் நன்மைகள் இல்லாமற்போகவில்லை. உழைக்க வல்லவர்க்கு வேலை கிடைத்தது. ரொட்டியும் வீட்டு வாடகையும் மலிவாயிருந்தன. தாய்மார் பணிக்குச் செல்லக் குழந்தைக் காப்பகங்கள் இருந்தன. நீதியை நாடும் நாம் இவற்றை இகழ்தல் ஆகாது. ஆயினும் வாழைப்பழம் கடைக்கு வந்தால் நீண்ட வரிசை நிற்கும். சிறு கார் ஒன்றுக்குப் பதிவு செய்தவர் பத்து ஆண்டுகளுக்கு மேல் காத்திருப்பார். 1961-இல் பெர்லினில் மதில் எழுந்தபின் வெளியேறும் வழியும் அடைபட்டது. அண்டை வீட்டாரிடம் பேசுகையிலும், அச்சொற்கள் எங்கே எழுதி வைக்கப்படுமோ என்ற ஐயம் மக்களை விட்டகலவில்லை.

இத்தகைய சமுதாயத்தில் விசுவாசத்தின் சோதனை பள்ளிக்கூடத்தின் வழியாகவே வந்தது. 1953-இன் முற்பகுதியில், சபை இளைஞர் கூட்டங்களில் பங்குபெற்ற மாணவர் பலர் உயர்நிலைப் பள்ளிகளினின்று நீக்கப்பட்டனர். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் அரசு அந்நடவடிக்கையைக் கைவிட்டதாயினும், 1954-இல் வேறொரு வழியை வகுத்தது. பதினான்கு வயதுப் பிள்ளைகள் சமதர்ம அரசுக்கு உறுதிமொழி கூறும் 'இளைஞர் அர்ப்பணம்' என்னும் சடங்கே அது. அதே வயதில்தான் லுத்தரன் பிள்ளைகள் திடப்படுத்தல் பெறுவது வழக்கம். சடங்கைத் தவிர்த்த பிள்ளைக்கு மேற்படிப்பு மறுக்கப்படலாம். ஆதலால், எதை ஏற்பது என்ற கேள்வி ஒவ்வொரு வீட்டின் உணவு மேசைக்கும் வந்தது.

இரண்டும் ஒருங்கே இயலா என்று திருச்சபை முதலில் உறுதியாக நின்றது. பெற்றோரோ பிள்ளையின் எதிர்காலத்தை எண்ணினர். சில ஆண்டுகளிலேயே பெரும்பான்மையோர் அரசின் சடங்கைத் தேர்ந்தனர். திருச்சபையும் பின்னர்த் தன் கண்டிப்பைத் தளர்த்தியது. 1950-இல் நூற்றுக்கு எண்பது பேர் சுவிசேஷத் திருச்சபையைச் சார்ந்திருந்த நாட்டில், 1989-இல் ஏறத்தாழ இருபத்தைந்து பேரே எஞ்சினர். லைப்சிக்கில், 1545-இல் லுத்தர் சுவிசேஷ ஆலயமாகப் பிரதிஷ்டை செய்த பல்கலைக்கழக ஆலயத்தை 1968 மே 30 அன்று அரசு வெடி வைத்துத் தகர்த்தது. ஆனால் சபையை மெலியச் செய்தது அந்த வெடியன்று. ஒரு பள்ளி இடத்திற்காக வீடுதோறும் ஓசையின்றி எடுக்கப்பட்ட முடிவுகளே.

அவர்களைக் குற்றஞ்சாட்டுமுன் நாம் நம் ஊர்களை நோக்குவோம். 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை வகுத்த அட்டவணைச் சாதியார் உரிமைகள் 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் விரிவாக்கப்பட்டன. கிறிஸ்தவரான தலித் மக்களுக்கோ அவை இல்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோராகவே கருதப்படுகின்றனர். பெரம்பலூர் மாவட்டத்துப் பாடாலூர் போன்றதோர் ஊரில், பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் கரிசல் நிலத்தில் கூலி வேலை செய்யும் தகப்பன், மகளின் கல்லூரிப் படிப்புக்காகச் சாதிச் சான்றிதழ் விண்ணப்பத்தை நிரப்புகையில், மதம் என்னும் கட்டத்தருகே அவன் கை தயங்குகிறது. அவ்வரசும் இவ்வரசும் ஒன்றல்ல. அவ்வாணையும் இவ்வாணையும் ஒன்றல்ல. ஆனால் அத்தகப்பனின் தயக்கம், சாக்சனி நாட்டுத் தகப்பன் ஒருவனுக்கு நன்கு விளங்கியிருக்கும்.

ஞாயிறன்று பிரசங்க பீடத்தினின்று அத்தயக்கத்தைக் கண்டிப்பது எளிது. கிழக்கு ஜெர்மானியத் திருச்சபை கற்ற பாடம் வேறு. விலை கொடுக்கும்படி பிள்ளைகளைக் கேட்ட சபை, அவ்விலையைத் தானும் பகிர்ந்துகொண்ட இடங்களிலேயே அவர்கள் நிலைத்து நின்றனர். முன்னர்த் தமிழகத்துக்கு மிஷனெரிகளைப் பயிற்றுவித்த லைப்சிக் மிஷன் இல்லம், அரசுப் பல்கலைக்கழகத்தின் கதவு அடைபட்ட இளைஞர்க்கும் இறையியல் கற்பிக்கும் கூடமாயிற்று. திருச்சபையின் மருத்துவமனைகள் அத்தகைய பிள்ளைகளுக்குப் பயிற்சியும் வேலையும் தந்தன.

அதே நகரின் நிக்கொலாய் ஆலயத்தில் 1982 முதல் திங்கள்தோறும் சமாதான ஜெபம் நடந்தது. பல நாட்களில் வந்தவர் சிலரே. 1989 அக்டோபர் 9 அன்று அந்த ஜெபத்தினின்று எழுந்து மெழுகுவர்த்தி ஏந்திச் சென்றோருடன் ஏறத்தாழ 70,000 மக்கள் வீதியில் நடந்தனர். துப்பாக்கி ஒன்றும் வெடிக்கவில்லை. ஒரு மாதத்தில் பெர்லின் மதில் திறந்தது. வெற்றியை மட்டும் சொல்வது வரலாறாகாது. 1992-இல் இரகசியக் காவல்துறையின் கோப்புகளைப் பார்க்க மக்களுக்கு இசைவு கிடைத்தபோது, துப்புச் சொன்னவர்களுள் ஆயர்களும் இருந்தது தெரிய வந்தது. வெற்றிக்குப்பின் அங்கே நிரம்பாத ஆலயங்கள் இன்றும் பல.

எனவே நமக்கு எஞ்சும் கேள்வி ஜெர்மனியைப் பற்றியதன்று. பாடாலூரில் அந்த விண்ணப்பத்தின்முன் அமர்ந்திருக்கும் தகப்பனின் அருகில் அமர நம்மில் யார் இருக்கிறோம்? அவன் மகளின் கல்லூரிக் கட்டணத்தில் நம் சபைக்குப் பங்கு உண்டா? இதற்கு விடை சொன்னபின்னரே அவனது விசுவாசத்தைப்பற்றிப் பேச நமக்கு உரிமை உண்டாகும்.