பாராவிலிருந்து வந்த மரம்

நம் தாத்தா பாட்டிகள் சீவிய மரத்துக்குத் தாவரவியலில் ‘ஹெவியா பிரேசிலியென்சிஸ்’ என்று பெயர். சந்தையில் ‘பாரா ரப்பர்’. இரண்டு பெயரிலும் அதன் பிறந்த ஊர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிரேசில் நாட்டின் வடக்கே, அமேசான் ஆறு கடலில் சேரும் இடத்தில் உள்ள மாநிலம் பாரா. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களிலேயே பலருக்கு இது தெரியாது. ‘கித்தா மரம்’ என்ற சொல்லோடு கதை முடிந்துவிடும். பள்ளிக்கூட வரலாற்றுப் பாடத்தில் விக்கம், ரிட்லி என்று இரண்டு வெள்ளைக்காரர்கள் வருவார்கள். விதை வந்தது, நட்டார்கள், நாடு செழித்தது. அவ்வளவுதான். விதை கிளம்பிய பக்கத்தில் அந்த மரத்தைச் சீவிக்கொண்டிருந்தவர்கள் யார்? அவர்கள் என்ன ஆனார்கள்? இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது.

மரத்தின் பெயரில் ஒரு நாடு

நம்ம பசங்களுக்குப் பிரேசில் என்றால் காற்பந்து. அதற்கு மேல் கேட்டால் அமேசான் காடு. அதனால் கொஞ்சம் அறிமுகம் தேவை.

பிரேசிலின் பரப்பளவு சுமார் 85 லட்சம் சதுர கிலோமீட்டர். மலேசியாவைப் போல 25 மடங்கு. தென் அமெரிக்கக் கண்டத்தில் ஏறக்குறைய பாதி. 2022 கணக்கெடுப்பின்படி 20.3 கோடி மக்கள். சுற்றியுள்ள நாடுகள் பெரும்பாலும் ஸ்பானிய மொழி பேச, இங்கே போர்த்துகீசு. காரணம் 1494இல் ஸ்பெயினும் போர்த்துகலும் போட்டுக்கொண்ட ஓர் ஒப்பந்தம். கண்ணால் பார்க்காத நிலத்தையெல்லாம் வரைபடத்தில் கோடு போட்டுப் பங்கிட்டுக்கொண்டார்கள். 1500இல் கப்ரால் என்ற போர்த்துகீசியத் தளபதி கள்ளிக்கோட்டைக்குப் போகும் வழியில் அந்தக் கரையில் இறங்கினார். பதினோரு வருடம் கழித்து அதே போர்த்துகீசியர்கள் மலாக்காவைப் பிடித்தார்கள்.

நாட்டின் பெயரே ஒரு மரத்திலிருந்து வந்ததுதான். துணிக்குச் சிவப்புச் சாயம் தரும் ‘பாவ் பிராசில்’ மரத்தைக் கரையோரக் காடுகளில் வெட்டி ஐரோப்பாவுக்கு ஏற்றினார்கள். அடுத்து கரும்பு, பிறகு தங்கம், பிறகு காப்பி. ஒவ்வொன்றுக்கும் கூலியில்லாத கைகள் வேண்டியிருந்தன. ஆப்பிரிக்காவிலிருந்து சுமார் 48 லட்சம் பேர் அடிமைகளாக அங்கே இறக்கப்பட்டார்கள். அமெரிக்கக் கண்டங்களில் வேறெந்த நாட்டுக்கும் இத்தனை பேர் கொண்டுபோகப்படவில்லை. 1822இல் நாடு சுதந்திரம் அடைந்தது. அடிமைமுறை ஒழிந்ததோ 1888இல்தான். அந்தக் கண்டங்களில் கடைசியாக ஒழித்த நாடு பிரேசில்.

ஒரு பொருளுக்கு விலை ஏறும், அதைச் சுற்றி ஊர் முளைக்கும், விலை விழுந்ததும் எல்லாரும் அடுத்த பொருளுக்கு ஓடுவார்கள். பிரேசில் வரலாற்றைப் படிக்கும்போது இந்தச் சக்கரம் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். ரப்பர் அதில் ஒரு சுற்று.

காட்டுக்குள் ஒற்றை ஆள்

மரத்தின் பாலை முதலில் அறிந்தவர்கள் காட்டுப் பூர்வகுடிகள். அவர்கள் அதில் பந்து செய்தார்கள், பீச்சாங்குழல் செய்தார்கள். பீச்சாங்குழலுக்குப் போர்த்துகீசில் ‘செரிங்கா’. அதிலிருந்து மரத்துக்கு ‘செரிங்கேய்ரா’, மரம் சீவுகிறவருக்கு ‘செரிங்கேய்ரோ’ என்று பெயர் வந்தது.

1839இல் சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கிக் கெட்டிப்படுத்தும் முறையைக் கண்டுபிடித்தார். 1888இல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். சைக்கிள், பிறகு மோட்டார் கார். அத்தனைக்கும் ரப்பர் அமேசானிலிருந்துதான் பெரும்பகுதி வரவேண்டியிருந்தது. காட்டுக்கு நடுவே இருந்த மனாவுஸ் நகரத்துக்கு மின்விளக்கும் டிராமும் வந்தன. 1896இல் அங்கே ஓர் ஒப்பெரா மாளிகையைத் திறந்தார்கள். இத்தாலியப் பளிங்கு, கோபுரத்தில் தேசியக்கொடியின் நிறத்தில் ஓடுகள். இன்றைக்கும் சுற்றுலாப் பயணிகள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

அந்தக் காசைக் கறந்த செரிங்கேய்ரோ எங்கிருந்து வந்தார்? பெரும்பாலும் வடகிழக்குப் பிரேசிலின் வறண்ட பகுதியிலிருந்து, முக்கியமாகச் செயாரா மாநிலத்திலிருந்து. 1877இலிருந்து 1879வரை அங்கே மழை பொய்த்தது. கால்நடைகள் செத்தன. ஜனங்கள் கடற்கரை நகரங்களை நோக்கி நடந்தார்கள். அங்கே பெரியம்மை காத்திருந்தது. லட்சக்கணக்கில் இறந்தார்கள். பிழைத்தவர்களில் பலரைக் கப்பலேற்றி அமேசானுக்கு அனுப்பினார்கள்.

இந்த வருடங்களைக் கவனியுங்கள். 1876இலிருந்து 1878வரை சென்னை மாகாணத்தில் தாது வருஷப் பஞ்சம். இரண்டு வறட்சியையும் பசிபிக் பெருங்கடலின் ஒரே எல் நினோவோடு இணைத்துப் பேசுகிறார்கள் இன்றைய ஆய்வாளர்கள். கடல் சூடானதில் உலகின் இரு மூலைகளில் ஒரே நேரத்தில் வானம் வறண்டது. அங்கே பசியில் கிளம்பியவர்கள் ரப்பர் காட்டுக்குப் போனார்கள். இங்கே பசியில் கிளம்பியவர்களில் ஒரு பகுதியினர் மலாயாவின் கரும்பு, காப்பித் தோட்டங்களுக்கும் இலங்கைக்கும் வந்தார்கள். ரப்பர் தோட்டம் அப்போது இங்கே இல்லை. ஆனால் அதன் கன்றுகள் அதே 1877இல் சிங்கப்பூரில் வந்து இறங்கின. மொத்தம் 22.

செரிங்கேய்ரோவின் வேலை நம் தோட்ட வேலை மாதிரி இல்லை. நிரை கிடையாது, பிரட்டு கிடையாது. இயற்கைக் காட்டில் ரப்பர் மரம் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் நிற்கும். நூற்றுக்கும் மேற்பட்ட மரங்களைச் சுற்றி இணைக்கும் ஒற்றையடிப் பாதைதான் அவருடைய வேலைக்களம். விடிவதற்கு முன்பே விளக்கோடு கிளம்புவார். சிறு கோடரியால் கொத்தி, தகரக் குவளையை வைத்துக்கொண்டே போவார். மறுபடி சுற்றிவந்து பாலைச் சேர்ப்பார். மாலையில் பனைக்கொட்டைகளை எரித்து, அந்தப் புகையில் பாலை அடுக்கடுக்காக ஊற்றி உருண்டையாகத் திரட்டுவார். அடுத்த மனிதரின் குடிசை பல மணி நேர நடைதூரத்தில் இருக்கும்.

கணக்கு மட்டும் நமக்குப் பழகியது. கப்பல் கூலி, கோடரி, குவளை, துப்பாக்கி, மாவு எல்லாம் முதலாளியின் கடையில் கடன். ரப்பரை அந்தக் கடைக்கே கொடுக்க வேண்டும். வாங்கும் விலையையும் விற்கும் விலையையும் கடைக்காரரே எழுதுவார். பல இடங்களில் சொந்தமாகப் பயிர் வைக்கக்கூட விடவில்லை. பயிர் வைத்தால் கடையில் யார் மாவு வாங்குவது? ‘அவியாமெந்தோ’ என்று இந்தக் கடன் சங்கிலிக்குப் பெயர். முதலாளியும் பெலேம், மனாவுஸ் வணிகர்களிடம் கடன்பட்டவர். அவர்கள் லண்டன், நியூயார்க்கை நம்பியிருந்தவர்கள். சங்கிலியின் கடைசிக் கண்ணி காட்டுக்குள் தனியாகக் கிடந்தது. பூர்வகுடிகள் நிலை இதைவிட மோசம். துப்பாக்கி முனையில் அவர்களை வேலை வாங்கினார்கள், ஓடினால் கொன்றார்கள்.

விதை போன கதை

1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் தப்பாஜோஸ் ஆற்றங்கரையில் சுமார் 70,000 விதைகளைச் சேர்த்து லண்டனின் கியூ தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுபோனார். கூலி ஆயிரம் விதைக்குப் பத்துப் பவுன். முளைத்தவை சுமார் 2,700. பெரும்பகுதி இலங்கைக்குப் போனது. அடுத்த வருடம் சிங்கப்பூருக்கு வந்தவைதான் அந்த 22 கன்றுகள்.

பிரேசிலில் விக்கமைத் திருடர் என்றே சொல்வார்கள். அவரும் வயதான காலத்தில் அதிகாரிகளை ஏமாற்றிக் கடத்தியதாகப் பெருமையடித்துக்கொண்டார். உண்மையில் அப்போது விதை ஏற்றுமதியைத் தடுக்கும் சட்டமே அங்கே கிடையாது. ஆனால் கேள்வி சட்டத்தைப் பற்றியது மட்டுமா? அந்தக் காட்டு மக்கள் பல தலைமுறையாகச் சேர்த்த அறிவுக்கு யாரும் ஒரு காசு தரவில்லை. விக்கமுக்கு 1920இல் ‘சர்’ பட்டம் கிடைத்தது.

1888இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு வந்த ரிட்லி, மரத்தைக் காயப்படுத்தாமல் பட்டையை மட்டும் மெல்லச் சீவும் முறையை உருவாக்கினார். 1896இல் மலாக்காவில் டான் சே யான் தோட்டம் போட்டார். அதற்குப் பிறகு நடந்தது நமக்குத் தெரியும். கங்காணிகள் ஊர் ஊராகப் போனார்கள், கப்பல்கள் நிறைந்தன. 1913 வாக்கில் ஆசியத் தோட்ட ரப்பர் காட்டு ரப்பரை மிஞ்சியது. மனாவுஸ் படுத்துவிட்டது. மதெய்ரா ஆற்றோரம் ரப்பரைக் கொண்டுவருவதற்காகவே 1907இல் தொடங்கிய 366 கிலோமீட்டர் ரயில்பாதை, ஆயிரக்கணக்கான தொழிலாளர்களின் உயிரை வாங்கிக்கொண்டு 1912இல் முடிந்தது. ஏற்றத்தான் சரக்கில்லை.

அப்படியென்றால் பிரேசிலும் தோட்டம் போட்டிருக்கலாமே? ஹென்றி ஃபோர்டு அதைத்தான் முயன்றார். 1928இல் தப்பாஜோஸ் கரையில் ‘ஃபோர்ட்லாந்தியா’ என்று ஓர் ஊரையே கட்டினார். மரங்களை நெருக்கமாக நட்டதும் இலைகருகல் நோய் ஒரு மரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவியது. காட்டில் மரங்கள் தள்ளித் தள்ளி நின்றதன் காரணம் அதுதான். அந்தப் பூஞ்சை மட்டும் விதையோடு கப்பலேறவில்லை. மலாயாவின் செழிப்புக்கு ரிட்லியின் கத்தியும் நம் முன்னோரின் உடம்பும் எவ்வளவு காரணமோ, அந்த நோய் இங்கே வராததும் அவ்வளவு காரணம். 1945இல் ஃபோர்டு நிறுவனம் நிலத்தைப் பிரேசில் அரசிடமே விற்றுவிட்டுக் கிளம்பியது.

1942இல் ஜப்பான் மலாயாவைப் பிடித்ததும் நேசநாடுகளுக்கு ரப்பர் நின்றுபோனது. மறுபடி செயாரா பக்கத்து ஏழைகளை அமேசானுக்கு அனுப்பினார்கள். 50,000க்கும் மேற்பட்டவர்கள். ‘ரப்பர் சிப்பாய்கள்’ என்று பெயர் வைத்தார்கள். காய்ச்சலிலும் பசியிலும் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். அதே காலத்தில்தான் நம் தோட்டத்து ஆட்களைச் சயாம் மரண ரயில் பாதைக்கு ஏற்றிக்கொண்டு போனது ஜப்பான் ராணுவம். ரப்பர் சிப்பாய்களில் உயிரோடு இருந்த ஏழைகளுக்கு 1988 அரசியல் சாசனம் ஓய்வூதியம் வழங்கியது. நாற்பது வருடத்துக்கும் மேலான தாமதம். என்றாலும் ஒரு நாட்டின் அரசியல் சாசனத்தில் அவர்கள் பெயர் இருக்கிறது.

முதலாளி போன பிறகு

எனக்கு இந்த வரலாற்றில் முக்கியமாகப் படுவது இனிமேல் வருவதுதான். விலை விழுந்ததும் பல முதலாளிகள் காட்டை விட்டுப் போனார்கள். செரிங்கேய்ரோக்களில் பலர் போகவில்லை. கொஞ்சம் பால், கொஞ்சம் பிரேசில் கொட்டை, கொஞ்சம் மரவள்ளி என்று அங்கேயே குடும்பமாகத் தங்கிவிட்டார்கள். 1970களில் மாட்டுப் பண்ணைக்காரர்கள் காட்டை வாங்கி அழிக்க வந்தபோது, பட்டா இல்லாத இந்த ஜனங்கள் மரம் வெட்டும் ஆட்களுக்கு முன்னால் போய் நின்றார்கள். ஆண்கள், பெண்கள், பிள்ளைகள் எல்லாரும். அவர்களில் ஒருவர் ஆக்ரி மாநிலத்தின் சிக்கோ மெண்டிஸ். மரம் சீவுகிறவரின் மகன், சிறு வயதிலிருந்தே மரம் சீவியவர், எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றதே வளர்ந்த பிறகுதான். காடு அரசுடைமையாக இருக்கட்டும், அதில் வாழ்ந்து பால் எடுக்கும் உரிமை எங்களுக்கு வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. 1988 டிசம்பர் 22 அன்று வீட்டு வாசலில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். 1990இல் அவர் பெயரிலேயே சுமார் 9.7 லட்சம் ஹெக்டேர் காடு அந்த உரிமையோடு ஒதுக்கப்பட்டது. இன்று அதற்குள்ளும் மாடுகள் நுழைந்துவிட்டன, காடு குறைகிறது. சண்டை முடியவில்லை.

நம் பக்கம் என்ன நடந்தது? 1930களின் மந்தத்தில் விலை விழுந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேலானவர்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் சிறுகச் சிறுகக் காசு சேர்த்துத் தோட்டம் வாங்கினார்கள். பெரிய முயற்சிதான். ஆனால் பெரும்பாலானவர்களுக்கு லயமும் கம்பெனியுடையது, மரமும் கம்பெனியுடையது. செம்பனை வந்தது, பிறகு வீடமைப்புத் திட்டம் வந்தது. மூன்று தலைமுறை சீவிய மரம் சாய்ந்தபோது அதன்மேல் நமக்கு எந்த உரிமையும் எழுதப்பட்டிருக்கவில்லை.

நம்மவர்களுக்குத் துணிச்சல் இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. அங்கே முதலாளி போனபோது காடு மிஞ்சியது. இங்கே முதலாளி மாறினாரே தவிர, பட்டா கைமாறிக்கொண்டே இருந்தது. காட்டில் தங்க முடியும். வேலை போன பிறகு லயத்தில் தங்க முடியாது.

விதையை யார் திருடினார் என்பது இரண்டு அரசுகளுக்கு நடுவிலான வழக்கு. செயாராவிலிருந்து போனவருக்கும் சேலத்திலிருந்து வந்தவருக்கும் அதில் பங்கில்லை. மரம் அவர்கள் இருவருடையதாகவும் ஒருபோதும் இருந்ததில்லை. ஆனால் அங்கே ஒரு கட்டத்தில் அவர்கள் கூலியைத் தாண்டி நிலத்தின் மேலான உரிமையைக் கேட்டார்கள். ரப்பரைப் பற்றி நாம் எழுதியிருக்கும் கதைகளையும் நாவல்களையும் அடுத்தமுறை எடுக்கும்போது, அந்தக் கேள்வி அவற்றில் எங்கெல்லாம் கேட்கப்பட்டிருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.