கட்டடங்களும் நிழற்படச் சான்றும்: புத்தளக் கரையோரத்தை முன்வைத்து

எழுத்தாவணங்களையே தலையாய வரலாற்று மூலங்களாகக் கொள்ளும் வழக்கம் நம்மிடையே நெடுங்காலம் நிலவி வந்துள்ளது. கல்வெட்டும் செப்பேடும் பெரும்பாலும் ஆண்டோரின் குரலையே உரைப்பன. உழைத்து வாழ்ந்தோர் எத்தகைய கூரையின்கீழ் உறங்கினர் என்பதை அவற்றால் அறிதல் அரிது. அக்குறையை ஓரளவு நிரப்ப வல்லவை அவர்தம் கட்டடங்கள். அவையும் அழியுமிடத்து எஞ்சுவது நிழற்படமே.

மேலைநாட்டுக் கைத்தொழில் நகரங்கள் இவ்வுண்மையை முன்னரே உணர்ந்தன. கிளாஸ்கோ நகரில் 1866இல் இயற்றப்பட்ட நகரச் சீர்திருத்தச் சட்டத்தின்கீழ் இடிக்கப்படவிருந்த நெருக்கமான குடியிருப்புகளைத் தோமஸ் அன்னன் 1868 முதல் 1871 வரை படம்பிடித்தார். இடிக்க முனைந்த அமைப்பே அப்படங்களையும் எடுப்பித்தது என்பது ஈண்டு நோக்கத்தக்கது. இலண்டனில் 'ஒக்ஸ்ஃபோர்ட் ஆம்ஸ்' என்னும் பழைய சத்திரம் இடிபடவிருந்த வேளையில், 1875இல், பழைய இலண்டனின் எச்சங்களைப் படம்பிடிப்பதற்கென ஒரு சங்கம் தோன்றியது. 1886 வரையில் அது 120 படங்களை வெளியிட்டது. சத்திரம் காக்கப்படவில்லை, அதன் படம் எஞ்சியது.

இலங்கையில் ஜோசப் லோட்டன் 1870–71 காலப்பகுதியில் அநுராதபுரம், பொலன்னறுவை ஆகிய இடங்களின் இடிபாடுகளை அரசின் பொருட்டுப் படம்பிடித்தார். அரும்பணியே எனினும், அதன் நோக்கு அரசர்தம் தலைநகரங்களே. கரையோர மக்களின் மனைகள் அன்று.

கனமூலை அமைந்துள்ள புத்தளக் கரையோரத்தை இக்கண்கொண்டு நோக்குவோம். கண்டி அரசின் கடல்வாணிகத்தைத் தம் கட்டுக்குள் வைத்திருக்க விரும்பிய ஒல்லாந்தர், 1667 முதல் 1676 வரை கற்பிட்டிக் கோட்டையை எழுப்பினர். முந்தல் ஏரியையும் புத்தளக் களப்பையும் இணைக்கும் வாய்க்கால் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. கற்பிட்டியில் 1807இல் பிறந்த சைமன் காசிச்செட்டி, இலங்கையின் ஊர்களை விவரிக்கும் தம் நூலை 1834இல் வெளியிட்டார். நிழற்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டதோ 1839இலேயே. ஆதலின் அவர் கண்ட கற்பிட்டி சொல்லாக மட்டுமே நம்மை வந்தடைந்துள்ளது.

பின்வந்த மாற்றங்கள் விரைவானவை. 1926இல் புகையிரதப் பாதை புத்தளத்தை எட்டியது. அதன்பின் அருவாக்காட்டுச் சுண்ணக்கல்லைக் கொண்டு சீமெந்துத் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. நுரைச்சோலையில் 2011இல் முதற்கட்டமாகத் தொடங்கிய நிலக்கரி மின்நிலையம் 2014இல் 900 மெகாவாற் கொள்ளளவை அடைந்தது. இவற்றுக்கிடையே, 1990 ஒக்டோபரில் வடமாகாணத்தினின்றும் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுட் பெரும்பகுதியினர் இம்மாவட்டத்தில் தஞ்சம் புகுந்தனர்.

தொழில் வளர்ச்சி பழைய கட்டடத்தை இடிப்பதால் மட்டும் அழிப்பதில்லை. பழுது பார்ப்பதாலும் அழிக்கின்றது. சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும் இயல்பினது. அதன்மேற் சீமெந்து பூசப்படின் உப்பீரம் சுவருள் தங்கி, கல்லை உள்ளிருந்தே அரிக்கின்றது. வெளித்தோற்றம் புதிதாயிருக்க உட்சுவர் உதிர்கின்றது. இந்நிலையிற் பூச்சுக்கு முன்னர் எடுக்கப்பட்ட ஒரு படம் பின்னாளில் அறிஞர்க்கும் கொத்தனார்க்கும் ஒருங்கே பயன்படும்.

படம் எஞ்சுமாயின் கட்டடம் போகட்டும் என்னும் சோம்பலுக்கு இது வழிவகுக்காதா எனச் சிலர் வினவலாம். கிளாஸ்கோவின் கதை அவ்வச்சத்திற்கு இடமளிக்கின்றது. ஆயினும் பதிவின்மை எந்தக் கட்டடத்தையும் காத்ததில்லை. காக்க வேண்டும் என்று வாதிடுவோர்க்கும் சான்று வேண்டும்.

கற்பிட்டிக் கோட்டையைப் படம்பிடிப்போர் பலர். திண்ணை வைத்த சுண்ணாம்புச் சுவர் வீட்டையும், உப்பளத்துக் கொட்டகையையும், ஏதிலியராய் வந்தோர் முதலில் ஒதுங்கிய கிடுகுக் குடிலையும் படம்பிடிப்போர் எத்தனை பேர்? கல்வீடு எழும்பியதும் குடில் மறைகின்றது. அதனோடு ஒரு தலைமுறையின் துயரச் சான்றும் மறைகின்றது.

இப்பணிக்குப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. படத்தின் பின்னே எடுத்த நாள், நோக்கிய திசை, கட்டுமானப் பொருள், அங்கு வாழ்ந்த மூத்தோர் கூறிய செய்தி ஆகிய நான்கும் குறிக்கப்படின், அது வெறும் காட்சியாகாது ஆவணமாகும். விடுமுறையில் ஊர் திரும்பும் மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் ஊரில் ஒரு கட்டடத்தையேனும் இவ்வாறு பதிவு செய்வாராயின், நாளைய வரலாற்றாசிரியன் நம்மை நன்றியுடன் நினைப்பான்.