எய்த அம்பும் இப்னு சீனாவும்

உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் நியூட்டனின் முதல் விதியை மனனம் செய்கிறார்கள். புறவிசை செயற்படாதவரை, நிலையாக உள்ள பொருள் நிலையாகவே இருக்கும்; இயங்கும் பொருள் மாறா வேகத்துடன் நேர்கோட்டில் இயங்கிக்கொண்டே இருக்கும். இரண்டு வரிகளில் அடங்கிவிடும் இவ்வுண்மையை எய்த மனித அறிவுக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் ஆயின. அந்நெடும் பயணத்தின் ஒரு பகுதி அரபு மொழியில் நடந்தது.

நாணை விட்டகன்ற அம்பு பின்னும் ஏன் பறக்கிறது? கேள்வி இதுதான். இயக்கும் ஒன்றின்றி இயக்கம் இல்லை என்பது அரிஸ்டாட்டிலின் (கி.மு. 384–322) கொள்கை. ஆகவே, சூழ்ந்துள்ள காற்றே அம்பைத் தள்ளிச் செல்கிறது என்றார் அவர். கி.பி. ஆறாம் நூற்றாண்டில் இஸ்கந்தரிய்யாவில் வாழ்ந்த யோவான் பிலோபோனஸ் இதனை மறுத்தார். காற்றுதான் தள்ளுகிறது என்றால் வில் எதற்கு? அம்பின் பின்னே காற்றை அசைத்தாலே போதுமே! எறிபவன் பொருளுக்குள்ளேயே ஓர் ஆற்றலைப் பதிக்கிறான் என்பது அவர் முடிவு. அரபு நூல்கள் இவரை ‘யஹ்யா அந்நஹ்வீ’ என்று குறிப்பிடும்.

இப்னு சீனா (980–1037) தமது ‘கிதாபுஷ் ஷிஃபா’வில் இவ்விவாதத்தை மேலும் நடத்திச் சென்றார். அவர் கையாண்ட சொல் ‘மய்ல்’. சாய்வு, நாட்டம் என்பது அதன் பொருள். காற்றடைத்த தோற்பையை நீருள் அழுத்திப் பிடித்தால், அது கையை மேல்நோக்கித் தள்ளுவதை உணர்கிறோம் அல்லவா? அந்த உந்துதலே மய்ல். எய்த அம்பு பெறுவது வலிந்து ஊட்டப்பட்ட மய்ல். அது தானாக அழிவதில்லை. எதிர்ப்படும் தடையே அதனை அழிக்கிறது. எனவே, வெற்றிடத்தில் எய்யப்பட்ட அம்பு நிற்கவே நிற்காது!

இளமையில் மேடைகளில், “நியூட்டனின் விதிகள் யாவும் இப்னு சீனாவிடம் உள்ளன” என்று யானும் முழங்கியதுண்டு. ஒருமுறை மாணவன் ஒருவன், “அப்படியானால் வெற்றிடத்தைப் பற்றி அவர் என்ன முடிவு செய்தார், ஹஜ்ரத்?” என்று வினவினான். விடை தெரியாமல் நூலுக்குத் திரும்பினேன். நாணம் மேலிட்டது. முடிவற்ற அத்தகைய இயக்கம் எங்கும் இல்லை. ஆகவே வெற்றிடமும் இல்லை என்பதே அவர் வாதம். வாயிற்படி வரை வந்த பேரறிஞர், கதவைத் திறவாமலே திரும்பிவிட்டார்.

அவருக்குப் பின் வந்த அபுல் பரகாத் அல்பக்தாதீ, ‘கிதாபுல் முஃதபர்’ என்னும் நூலில், ஊட்டப்பட்ட மய்ல் தானே தேய்ந்து போகும் என்றார். இது ஒருபடி பின்னடைவே. ஆயினும் விழும் கல்லைப் பற்றி அவர் சொன்னது அரியது. கல்லின் கனம் கணந்தோறும் புதிய மய்லைச் சேர்த்துக்கொண்டே வருவதால் வேகம் கூடிக்கொண்டே போகிறது என்றார். மாறாத விசை மாறாத வேகத்தையன்று, வளரும் வேகத்தையே தரும் என்னும் கருத்தின் வித்து இங்கே இருக்கிறது. ஸ்பெயினின் இப்னு பாஜாவோ, தடை இயக்கத்தைக் குறைப்பது மட்டுமே. தடையற்ற இடத்திலும் இயக்கத்துக்குக் காலம் தேவை என்றார். அதனை மறுப்பதற்காக இப்னு ருஷ்து (1126–1198) தம் விரிவுரையில் எடுத்தெழுதினார். லத்தீன் மொழியாக்கத்தின் வழி அக்கருத்து ஐரோப்பாவை அடைந்தது. மறுத்தவரின் நேர்மையே மறுக்கப்பட்டதைக் காப்பாற்றிற்று!

பதினான்காம் நூற்றாண்டில் பாரிஸில் புரிதான், பொருளுக்குள் பதியும் உந்துதலை அதன் வேகத்தோடும் பருப்பொருளின் அளவோடும் இணைத்துப் பேசினார். விழும் பொருள் கடக்கும் தொலைவு காலத்தின் வர்க்கத்துக்கேற்ப வளர்வதைக் கலிலியோ சாய்தளத்தில் அளந்து, 1638இல் வெளியிட்டார். 1687இல் நியூட்டனின் நூல் வந்தது.

மய்ல், அம்பு பறப்பதற்கான காரணத்தை அம்புக்குள்ளே தேடிய சொல். நியூட்டனோ சீரான இயக்கத்துக்குக் காரணமே வேண்டியதில்லை, அதன் மாற்றத்துக்கே வேண்டும் என்றார். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவை மறைப்பது அறிவுக்குச் செய்யும் துரோகம். அரபியர் கிரேக்க நூல்களைக் காத்துக் கொடுத்த காவலர் மட்டுமே என்பதும் அதே அளவு பொய். அவர்கள் ஐயுற்றார்கள், வாதிட்டார்கள், பிழையும் செய்தார்கள். அவர்களுக்கு நாம் செய்யத்தக்க மரியாதை, அவர்கள் சொன்னதை உள்ளபடி நம் பிள்ளைகளிடம் சொல்வதே.