வேட்டை விடுதியும் விருந்தோம்பலின் வரலாறும்

ஒரு சமுதாயத்தின் வரலாற்றைப் போர்க்களங்களிலும் அரசவைகளிலும் தேடுவது நீண்டகாலப் பழக்கம். யார் யாருடன் ஒரே மேசையில் அமர்ந்து உண்டனர், யார் சமைத்தனர், யார் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டனர் என்பனவும் வரலாற்றுக் கேள்விகளே. ஐக்கிய அமெரிக்காவின் நாட்டுப்புறங்களில், மானும் காட்டு வான்கோழியும் வேட்டையாட வருவோரைக் குடும்ப முறையில் உபசரிக்கும் சிறு விடுதிகளை இந்நோக்கிலேயே நாம் ஈண்டு ஆராயப் புகுகின்றோம். செல்வ நாடொன்றின் பொழுதுபோக்குப் பற்றி நமக்கென்ன பேச்சு என்று வாசகர் சிலர் வினவக்கூடும். காடும் காட்டு விலங்கும் யாருக்குச் சொந்தம் என்னும் வினா எந்த நாட்டிலும் பொழுதுபோக்கு வினாவன்று என்பதே நமது விடை.

இத்தகைய விடுதி பெரும்பாலும் ஒரு பண்ணை வீடு. அல்லது பண்ணை வீட்டை அடுத்துக் கட்டப்பட்ட மரவீடு. இலையுதிர் காலத்தில் வெண்வால் மானுக்காகவும், வசந்த காலத்தில் வான்கோழிச் சேவலுக்காகவும் விருந்தினர் வருவர். விடிவதற்கு நெடுநேரம் முன்பே எழுந்து, சூடான கோப்பி அருந்தி, இருளிலேயே காட்டுக்குச் செல்வர். மான் வேட்டையாயின் மரத்திற் கட்டிய பரணில் அசைவற்றிருக்க வேண்டும். வான்கோழி வேட்டையாயின் மரத்தடியில் முதுகு சாய்த்து, இலைநிற உடையால் உடலை மறைத்து, பேட்டின் குரலை எழுப்பும் சிறு மரப்பெட்டியைத் தேய்த்துச் சேவலை அழைக்க வேண்டும். பல மணிநேரம் எதுவுமே நிகழாதிருக்கலாம். வீடு திரும்பினால் நீண்ட மேசை. நடுவே பெரிய பாத்திரங்களில் உணவு. கைக்குக் கை மாறும் தட்டுகள். அதே மேசையில் வீட்டாரும் பிள்ளைகளும். குறி தவறியவனின் சட்டைத் தொங்கலை வெட்டிச் சுவரில் மாட்டுவதும், முதல் மானை வீழ்த்திய இளைஞனின் முகத்தில் அதன் குருதியைப் பூசுவதும் தென்மாநிலங்களில் நெடுநாளாக வழங்கிவரும் சடங்குகள். இங்கு வந்து சென்றோர் பலரது நினைவில் வீழ்த்திய மானின் கொம்பைவிட இந்த மேசையே ஆழமாகத் தங்கிவிடுகிறது.

இங்கு ஒரு முரண்பாட்டை நாம் கவனிக்க வேண்டும். விடுதிக்காரர் மானை விற்பதில்லை, விற்கவும் முடியாது. அவருடைய நிலத்தில் மேய்ந்தாலும் காட்டு மான் அவருக்குச் சொந்தமன்று. அது மாநில மக்கள் அனைவரதும் பொதுச்செல்வம் என்பது அந்நாட்டுச் சட்டங்களின் அடிப்படை. வேட்டையிற் கிடைத்த இறைச்சியை விற்பதையும் அச்சட்டங்கள் பொதுவாகத் தடுக்கின்றன. ஆகவே, மான் வேட்டை விடுதியின் மேசையில் விலைக்குப் பரிமாறப்படுவது பெரும்பாலும் மாட்டிறைச்சியும் கோழியுமே. அவ்வாறாயின் விருந்தினர் பணங்கொடுத்து வாங்குவது எதனை? நிலத்துள் நுழையும் அனுமதியை. அந்நிலத்தை அறிந்தவரின் உழைப்பை. சில நாட்களுக்குக் 'குடும்பத்தவர்' என்னும் தகுதியை. இம்மூன்றுக்கும் தனித்தனி வரலாறு உண்டு.

முதலில் நிலத்தை நோக்குவோம். இங்கிலாந்தில் 1671ஆம் ஆண்டின் வேட்டைச் சட்டம், ஆண்டுக்கு 100 பவுண் வருமானம் தரும் நிலவுடைமை உள்ளவர் போன்ற சிலருக்கே வேட்டையுரிமையை ஒதுக்கியது. தன் பயிரைத் தின்ற முயலைத் தானே கொல்லவும் ஏழைக் குடியானவனுக்கு உரிமையில்லை. 1723இல் இயற்றப்பட்ட 'கறுப்புச் சட்டம்', முகத்திற் கரிபூசிக்கொண்டு ஆயுதத்துடன் அரச வனங்களில் மான் திருடப் புகுந்தோருக்கு மரணதண்டனை விதித்தது. நிலப்பிரபுவின் உல்லாசத்துக்காக மனித உயிர் மானின் உயிரிலும் மலிவாக மதிக்கப்பட்ட காலம் அது.

அவ்வொழுங்கிலிருந்து தப்பி அத்திலாந்திக் கடந்தவர்கள் புதிய மண்ணில் அதனை மீண்டும் நாட்ட விரும்பவில்லை. 1776ஆம் ஆண்டின் பென்சில்வேனிய அரசியலமைப்பு, தம் நிலத்திலும் வேலியடைக்கப்படாத பிறர் நிலத்திலும் உரிய காலங்களில் வேட்டையாடும் சுதந்திரத்தை மாநில மக்களுக்கு வழங்கியது. பிரபுத்துவத்துக்கு எதிரான உண்மையான முன்னேற்றம் இது என்பதில் ஐயமில்லை. எனினும் அந்த நிலம் யாருடையது என்ற கேள்வியை அது எழுப்பவேயில்லை.

அந்நிலத்தின் ஆதிக்குடிகளுக்கு மான் உணவாகவும் உடையாகவும் கருவியாகவும் பயன்பட்டது. ஐரோப்பிய வணிகர் அதனை ஏற்றுமதிச் சரக்காக்கினர். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென் கரோலினாவின் சார்ள்ஸ்டன் துறைமுகத்திலிருந்து ஆண்டுதோறும் சராசரியாக 50,000க்கு மேற்பட்ட மான்தோல்கள் இங்கிலாந்துக்குச் சென்றன. துவக்கும் துணியும் சாராயமும் கடனாகக் கொடுக்கப்பட்டன. கடன் தோலாக அறவிடப்பட்டது. 1715இல் யமாசி மக்கள் போர்தொடுத்ததற்கு இக்கடன் கொடுமையும் ஒரு முக்கிய காரணம். மான் குறைந்து தோல் போதாதபோது கடனுக்கு நிலமே ஈடாயிற்று. 1773இல் கிறீக், செரோக்கி மக்கள் வணிகருக்கான கடனைத் தீர்க்க 20 இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தைக் கையளித்தனர். இன்றும் அமெரிக்கர் பேச்சுவழக்கில் டொலரை ஆண்மானின் பெயரால் அழைப்பது அந்தத் தோல் வாணிபத்தின் எச்சம் என்பர்.

விஸ்கொன்சின் பகுதியின் ஒஜிப்வே மக்கள் 1837ஆம் ஆண்டு உடன்படிக்கையில் நிலத்தைக் கொடுத்தபோதும் அதில் வேட்டையாடும் உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டனர். ஆயினும் அவ்வுரிமையைப் பயன்படுத்தியோர் பல தலைமுறைகளாகக் குற்றவாளிகளாக நடத்தப்பட்டனர். கூட்டாட்சி மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது 1983இல்தான். தம் முன்னோரின் காட்டில் வேட்டையாடும் உரிமையை மெய்ப்பிக்க ஒரு மக்களினத்துக்கு ஏறத்தாழ 150 ஆண்டுகள் வேண்டியிருந்தன.

19ஆம் நூற்றாண்டில் புகையிரதமும் நகரச் சந்தையும் அழிவை விரைவுபடுத்தின. சந்தைக்காக வேட்டையாடுவோர் இறைச்சியையும் தோலையும் பெட்டி பெட்டியாக நகரங்களுக்கு அனுப்பினர், காடுகள் வெட்டப்பட்டன. 1900ஆம் ஆண்டளவில் நாடு முழுவதிலும் எஞ்சிய வெண்வால் மான்கள் ஏறத்தாழ 5 இலட்சம் என மதிப்பிடப்படுகிறது. காட்டு வான்கோழி தான் முன்னர் வாழ்ந்த 39 மாநிலங்களில் 18இலிருந்து 1920அளவில் முற்றாக மறைந்துவிட்டது. தனிமனித இலாபத்துக்குக் கட்டுப்பாடின்றி விடப்பட்ட பொதுச்செல்வம் எந்நிலையை அடையும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மீட்சி எங்கிருந்து வந்தது? சந்தையிலிருந்து அன்று, சந்தையைத் தடுத்த பொதுச்சட்டத்திலிருந்து. காட்டு விலங்கு மக்கள் சார்பாக மாநிலத்தின் பொறுப்பில் உள்ளது என உயர்நீதிமன்றம் 1896இல் கூறியது. 1979இல் மாநில 'உடைமை' என்னும் அக்கோட்பாட்டை அந்நீதிமன்றமே கைவிட்டபோதிலும், காக்கும் பொறுப்பு மாநிலத்திடமே நின்றது. 1900ஆம் ஆண்டின் லேசி சட்டம், சட்டவிரோதமாகக் கொன்ற விலங்குகளை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுசெல்வதைத் தடைசெய்தது. 1937இல் பிராங்ளின் ரூஸ்வெல்ட் ஒப்பமிட்ட பிற்மன்-ரொபட்சன் சட்டம், துவக்குகள், தோட்டாக்கள் மீதான வரியை வனவிலங்குப் பாதுகாப்புக்கு ஒதுக்கியது. கூண்டில் வளர்த்துக் காட்டில் விடப்பட்ட வான்கோழிகள் பிழைக்கவில்லை. தாய்ப்பறவையிடம் கற்க வேண்டியவற்றை அவை கற்றிருக்கவில்லை. 1950களில் வெடிவிசையால் வீசப்படும் பெருவலைகளைக் கொண்டு காட்டுப் பறவைகளையே உயிருடன் பிடித்து, அவை அழிந்த காடுகளில் குடியேற்றிய பின்னரே வெற்றி கிட்டியது. இன்று வெண்வால் மான்கள் ஏறத்தாழ 3 கோடி. வான்கோழிகள் ஏறத்தாழ 60 இலட்சம். பரணில் இருக்கும் விருந்தினர் எதிரே வரும் மான் பொதுப்பணத்தினதும் பொதுச்சட்டத்தினதும் பேறு என்பது மனங்கொளத்தக்கது.

ஆயினும் சட்டம் எல்லார்மீதும் ஒரேயளவாகப் பாரம் ஏற்றவில்லை. நியூயோர்க் மாநிலத்து அடிரொண்டாக் மலைக்காடுகளைச் செல்வர் தனிப்பூங்காக்களாக வளைத்துக்கொண்டபோது, ஒலிவர் லமோரா என்னும் முதிய போர்வீரர், ஊரார் வழக்கமாக மீன்பிடித்து வந்த ஓடையில் 1902இல் மீன்பிடித்தார். ஓடை இப்போது வில்லியம் ரொக்பெல்லரின் காணிக்குள் இருந்தது, வழக்குத் தொடரப்பட்டது. உள்ளூர் நடுவர்கள் முதியவரின் பக்கம் நின்றனர். ஆண்டுகள் பல இழுபட்ட வழக்கில் முடிவில் வென்றது பெருஞ்செல்வர் பக்கமே. தென்மாநிலங்களில் 1865இல் விடுதலைபெற்ற கறுப்பின மக்களுக்கு வேட்டையும் மீன்பிடிப்பும் தோட்டத்துரையின் கூலியை நம்பாது வாழ ஒரு வழியாயிருந்தன. வேலிச் சட்டங்களும் வேட்டைச் சட்டங்களும் பல இடங்களில் அவ்வழியை அடைக்கவே பயன்பட்டன.

ஏழையின் வேட்டை குற்றமான அதே காலத்தில் செல்வரின் வேட்டை விடுதி செழித்தது. வடபுல முதலாளிகள் தெற்கின் பழைய நெற்தோட்டங்களை வாங்கி வேட்டைக் களங்களாக்கினர். ஜோர்ஜியாக் கரையோரத் தீவான ஜெக்கிலில் 1886இல் நிறுவப்பட்ட கழகத்தில் மோர்கன், வண்டர்பில்ட் முதலியோர் உறுப்பினராயிருந்தனர். 1910 நவம்பரில் செனற்றர் ஒல்ட்ரிச்சும் வங்கி முதல்வர் சிலரும், வாத்து வேட்டைக்குச் செல்வதாக வெளியிற் சொல்லிக்கொண்டு அத்தீவில் இரகசியமாகக் கூடி மத்திய வங்கித் திட்டமொன்றை வரைந்தனர். 1913இல் உருவான கூட்டாட்சி வங்கி அமைப்புக்கு அது முன்னோடியாயிற்று. 1947இல் ஜோர்ஜியா மாநிலம் தீவை வாங்கிப் பொதுப்பூங்காவாக்கியது. அப்போதும் கறுப்பின மக்களுக்கெனத் தீவின் தென்கோடியில் ஒரு கடற்கரை 1950இல் தனியே ஒதுக்கப்பட்டது. 'பொது' என்ற சொல்லுக்குள்ளும் ஒரு வேலி இருந்தது.

இனி, இரண்டாவது பொருளாகிய உழைப்பு. விருந்தினரின் வெற்றிக்குப் பின்னால் தடம் அறிந்த ஒருவர் எப்போதும் இருக்கிறார். 1902இல் மிசிசிப்பியில் குடியரசுத் தலைவர் தியடோர் ரூஸ்வெல்ட் கரடி வேட்டையில் விருந்தினராயிருந்தார். நாய்களை நடத்திக் கரடியைத் துரத்திப் பிடித்து மரத்திற் கட்டியவர் ஹோல்ட் கொலியர், அடிமையாகப் பிறந்தவர், சிறுவனாகவே தோட்டத்தின் உணவுக்காக வேட்டையாடியவர். கட்டுண்ட கரடியைச் சுட ரூஸ்வெல்ட் மறுத்தார். அப்பெருந்தன்மை நாடெங்கும் புகழப்பட்டு, அவர் பெயரால் 'டெடி' கரடிப் பொம்மை உலகெங்கும் பரவியது. கரடியோ பின்னர் கத்தியாற் கொல்லப்பட்டது. கொலியரின் பெயரைப் பொம்மையுடன் விளையாடிய குழந்தைகள் அறியவில்லை. வனவிலங்குப் புகலிடமொன்றுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது 2004இலேயே. விருந்தினரின் கதை வரலாறாவதும் வழிகாட்டியின் உழைப்பு அடிக்குறிப்பாவதும் தற்செயல் நிகழ்ச்சிகளல்ல.

இன்றைய குடும்ப விடுதிக்காரரை அத்தீவுக் கழகத்தாரோடு ஒன்றாக எண்ணுவது நீதியன்று. அவர்களிற் பலர் சிறு விவசாயிகள். 1980களின் விவசாய நெருக்கடியில் கடனும் வட்டியும் அமெரிக்கப் பண்ணைகளை நெரித்தன. விளைச்சலின் விலை குடும்பத்தைத் தாங்காதபோது, அக்கறைக்குரியதாயிராத புதர்க்காடும் ஓடைக்கரையும் வருமானம் தருவனவாயின. டெக்சாஸ் மாநிலத்தில் நிலத்தின் மிகப்பெரும் பகுதி தனியார் கையில் இருப்பதால், அங்கு வேட்டை என்றாலே நிலக்காரருக்குக் கட்டணம் என்ற நிலை வெகுகாலமாக நிலவுகிறது. குடும்ப விடுதியில் சமைப்பதும் படுக்கை விரிப்பதும் பெரும்பாலும் வீட்டுப் பெண்களே. அவர்களுடைய உழைப்புக்குத் தனிக்கூலி கணக்கிடப்படுவது அரிது. விருந்தினரிலும் தொழிலாளர், சிறு உத்தியோகத்தர், மகனை முதன்முறை அழைத்துவரும் தந்தையர் உண்டு. ஆண்டு முழுவதும் சேமித்த பணத்தில் அவர்கள் தேடி வருவது ஆடம்பரமன்று. பெயர் சொல்லி அழைக்கும் ஒரு வீட்டையும் அவசரமற்ற ஓர் உணவுவேளையையும்.

இறுதியாக 'குடும்பம்' என்னும் அச்சொல். நம் மொழியில் விருந்து என்பது புதுமையையும், அதனால் புதிதாய் வந்தவரையும் குறிக்கும். அறியாதவரை ஏற்பதே விருந்தோம்பல். விலைக்கு வரும் விருந்தோம்பலில், ஏற்பவர் ஆளைத் தெரிவுசெய்யும் அதிகாரமும் சேர்ந்தே வருகிறது. 1964ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், தங்குமிடங்களில் நிறபேதம் காட்டுவதைத் தடைசெய்த மாபெரும் சட்டம். பல்லாயிரவர் வீதியில் அடிபட்டுப் பெற்ற வெற்றி. ஆனால் அச்சட்டமே, உரிமையாளர் தாமும் குடியிருக்கும், வாடகைக்கு ஐந்து அறைகளுக்கு மேற்படாத வீடுகளுக்கும், தனியார் கழகங்களுக்கும் விலக்களித்தது. பிற்காலத் தீர்ப்புகள் அவ்விடைவெளியைச் சுருக்கின எனினும், அவ்விலக்கு நமக்கு உணர்த்துவது தெளிவானது. 'குடும்பம் போல' என்ற இனிய சொல், உள்ளே இருப்போருக்கு வெதுவெதுப்பாகவும் வெளியே நிற்போருக்குச் சாத்திய கதவாகவும் ஒரே நேரத்தில் இருக்கவல்லது.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கின் ஒன்று புலப்படும். மான் பொதுவுடைமையாகவே இருக்கிறது. மானிடம் செல்லும் வழி தனியுடைமையாகிறது. உரிமை ஏட்டில் எல்லார்க்கும் உண்டு. நடைமுறையில் கட்டணம் செலுத்தக்கூடியவருக்கே திறக்கிறது. பொதுப்பணத்தால் காக்கப்பட்ட வளத்தின் பயன் தனிவாசலில் விலைபோவது இவ்வேட்டை விடுதிக்கு மட்டும் உரியதன்று; கடற்கரையிலும் நீரிலும் கல்வியிலும் நாம் காண்பதும் இதுவே.

அம்மேசையில் அமர்ந்தவர் பெற்ற மகிழ்ச்சி பொய்யென்று நாம் சொல்லவில்லை. அது மெய்யானது என்பதே கவலைக்குரியது. அந்நியரோடு ஒரே பாத்திரத்திலிருந்து பகிர்ந்துண்ண ஏங்கும் மனிதர் அந்த அனுபவத்தைச் சில நாட்களுக்கு விலைகொடுத்து வாங்கவேண்டிய சமுதாயத்தில் வாழ்கின்றனர். அழிந்துபோன வான்கோழியை மீண்டும் காட்டில் குடியேற்றக் கூட்டுமுயற்சியால் இயன்றது. அக்காட்டின் வாயிலையும் அம்மேசையின் இருக்கைகளையும் எல்லார்க்கும் உரியனவாக்குவதும் அத்தகைய கூட்டுமுயற்சிக்கு அப்பாற்பட்டதன்று.