பிறவி அறிவா, பெற்ற கல்வியா: எஸ்.ஏ.டி. தேர்வின் வரலாறு

அமெரிக்கக் கல்லூரிகளில் சேர விரும்புவோர் எழுதும் எஸ்.ஏ.டி. தேர்வு 1926 ஜூன் 23 அன்று முதன்முதலாக நடத்தப்பட்டபோது, அதை எழுதிய ஏறத்தாழ 8,000 மாணவர்களுக்கு 97 நிமிடங்களில் 315 வினாக்கள் தரப்பட்டன. எதிர்ச்சொல் காணல், எண் தொடரை நிறைவு செய்தல், செயற்கை மொழியொன்றின் விதிகளைக் கொண்டு மொழிபெயர்த்தல் ஆகியன அவற்றுள் அடங்கும். 1900இல் தோன்றிய கல்லூரி நுழைவுத் தேர்வு வாரியம் அதுவரை பாடங்களைக் கட்டுரை வடிவில் சோதித்துவந்தது. புதிய தேர்வோ, மாணவர் கற்றதை அளக்கும் அடைவுத் தேர்வாக அன்றி, கற்பதற்கு அவரிடம் இருப்பதாகக் கருதப்பட்ட இயல்திறனை அளப்பதாக முன்வைக்கப்பட்டது.

இந்தக் கருத்தின் வேர் பாரிஸில் இருந்தாலும், அங்கே அதன் பொருள் வேறாக இருந்தது. 1905இல் ஆல்பிரட் பினேயும் தியோடர் சிமோனும் வகுத்த சோதனை, பள்ளியில் தனிக் கவனம் தேவைப்படும் குழந்தைகளைக் கண்டறிவதற்கானது. நுண்ணறிவு மாறாத ஓர் அளவு என்பதைப் பினே ஏற்கவில்லை. அச்சோதனையை 1916இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் திருத்தியமைத்த லூயிஸ் டெர்மனோ, நுண்ணறிவு பெரிதும் மரபுவழி வருவது என்று நம்பினார்.

முதல் உலகப் போரின்போது உளவியலாளர் ராபர்ட் யெர்க்ஸ் தலைமையில் ஏறத்தாழ 17 லட்சம் அமெரிக்கப் படைவீரர்கள் சோதிக்கப்பட்டனர். ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர்களுக்கு ஆல்பா, தெரியாதவர்களுக்குப் படங்களாலான பீட்டா என இரு தேர்வுகள் இருந்தன. பின்னாளில் எஸ்.ஏ.டி.யை வடிவமைத்த பிரின்ஸ்டன் உளவியலாளர் கார்ல் பிரிகாம், இத்தரவுகளைக் கொண்டு 1923இல் வெளியிட்ட நூலில், வட ஐரோப்பியரே அறிவில் மேம்பட்டவர்கள் என்ற முடிவுக்கு வந்தார். குடியேறியோர் அமெரிக்காவில் வாழ்ந்த ஆண்டுகள் கூடக்கூட அவர்களின் மதிப்பெண்ணும் கூடியதை அவருடைய அட்டவணைகளே காட்டின. மொழியும் பழக்கமும் மதிப்பெண்ணை உயர்த்துகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆனால் அவர், பிற்காலத்தில் வந்தவர்கள் அறிவில் தாழ்ந்த இனத்தவர் என்பதே காரணம் என விளக்கினார். கண்முன் இருந்த சான்றை இனக் கொள்கை மறைத்த இந்நிகழ்வு, அளவியல் வரலாற்றின் வருந்தத்தக்க பக்கங்களுள் ஒன்றாகும்.

எனினும் அவர் அந்நிலையிலேயே நின்றுவிடவில்லை. வெவ்வேறு சோதனைகளின் மதிப்பெண்களை ஒன்றாகச் சேர்த்தது தவறு என்றும், வேற்று மொழியும் பண்பாடும் உடையோரை இச்சோதனைகளால் ஒப்பிட இயலாது என்றும் 1930இல் எழுதிய கட்டுரையில் ஏற்றுக்கொண்டு, தம் பழைய ஆய்வு அடித்தளமற்றது என்று அறிவித்தார். தேர்வை உருவாக்கியவரே இவ்வாறு கூறிய பின்னரும் தேர்வின் செல்வாக்கு வளர்ந்தது என்பதே இவ்வரலாற்றில் கவனத்துக்குரிய திருப்பமாகும். பணம் படைத்த கிழக்குக் கரைக் குடும்பங்களுக்கு அப்பாலும் திறமையாளரைத் தேடிய ஹார்வர்டு தலைவர் ஜேம்ஸ் கோனன்ட், 1930களில் உதவித்தொகை மாணவர்களைத் தேர்ந்தெடுக்க இத்தேர்வையே நாடினார். அப்பணியில் அவருக்குத் துணைநின்ற ஹென்றி சான்சி, 1947இல் நிறுவப்பட்ட கல்விச் சோதனைச் சேவை நிறுவனத்தின் முதல் தலைவரானார். வாய்ப்பை விரிவாக்கும் நன்னோக்கம், ஐயத்துக்குரிய அளவுகோலுக்கு நாடு தழுவிய மதிப்பைப் பெற்றுத் தந்தது.

எஸ்.ஏ.டி. மதிப்பெண்கள் பொது நுண்ணறிவுச் சோதனைகளோடு வலுவாக ஒத்துப்போவதை உளவியலாளர்களான பிரேயும் டெட்டர்மனும் 2004இல் காட்டினர். ஆயின் இரு அளவுகள் ஒத்துப்போவது, அவை அளக்கும் திறன் பிறவியிலேயே வந்தது என்பதற்குச் சான்றாகாது. 2001இல் கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வு, குடும்ப வருமானத்தையும் பெற்றோர் கல்வியையும் கணக்கில் கொண்டால், முதலாண்டுக் கல்லூரி மதிப்பெண்ணை முன்கணிப்பதில் பாடவாரித் தேர்வுகளே மேலானவை என்று கண்டது. உளவியலாளரான அப்பல்கலைக்கழகத் தலைவர் ரிச்சர்டு அட்கின்சன் எஸ்.ஏ.டி.யைக் கைவிடலாம் எனப் பரிந்துரைத்தார். நுண்ணறிவுச் சோதனைச் சாயலோடு இருந்துவந்த சொல் ஒப்புமை வினாக்கள் 2005இல் நீக்கப்பட்டன.

2020இல் அப்பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழு எஸ்.ஏ.டி. கட்டாயத்தைக் கைவிட முடிவெடுத்தது. 2022இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், கணிதப் பாடங்களுக்கு மாணவர்கள் ஆயத்தமாக உள்ளனரா என அறிய மதிப்பெண் தேவை என்று கூறி அதை மீண்டும் கட்டாயமாக்கியது. எதிரெதிர் முடிவுகளை எடுத்த இவ்விரு நிறுவனங்களுமே, இத்தேர்வு பிறவி அறிவை அளக்கிறது என்று வாதிடவில்லை.