ஒரே உலை

போன ஆனி மாதம் அம்மா என் வீட்டுக்கு வந்திருந்தார். மதியம் நான் சாப்பிட உட்கார்ந்தேன். தட்டில் அரைக் கப் சோறு, எண்ணெய் விடாமல் வேகவைத்த கீரை, கொஞ்சம் பாசிப்பருப்பு, நான்கு துண்டு வெள்ளரி. அம்மா கொஞ்ச நேரம் தட்டையே பார்த்துவிட்டு, "புருசன் இருக்கிறவ இப்படிச் சாப்பிடலாமாடி? பார்க்கவே என்னமோ மாதிரி இருக்கு" என்றார்.

நான் எடையைக் குறைக்க அப்படிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, எட்டுக் கிலோவாவது குறைய வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். உணவு ஆலோசகர் கொடுத்த அட்டவணை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது. ஒரு நாளைக்கு 1,200 கலோரி, ஐந்து வேளை, ஏழு நாளுக்கும் ஏழு விதம். அதை அம்மாவுக்கு விளக்கினேன். கேட்டுக்கொண்டார். ஆனால் அவர் கண்ணில் பட்டது டயட் இல்லை, தாலியறுத்தவளின் தட்டு. அப்பா இறந்து பதினொரு வருடம் ஆகிறது. அம்மா இன்றும் எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகுதான் சாப்பிடுகிறார்.

எங்கள் குடும்பத்தில் விதவைக்குத் தனிச் சாப்பாடு என்ற கட்டாயம் இருந்ததில்லை. காட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு அது கட்டுப்படியாகாது. அப்படியிருந்தும், ஒரு பெண் எளிமையாகச் சாப்பிட்டால் அதற்கு ஒரே பொருள்தான் என்ற நினைப்பு அம்மாவுக்கு எங்கிருந்து வந்தது?

வகுப்பில் நான் அடிக்கடி நடத்தும் பாடல் குறுந்தொகையின் 167ஆவது பாடல். கூடலூர் கிழார் பாடியது. புதிதாக மணமான பெண் தயிர் பிசைந்து, தாளிப்புப் புகை கண்ணில் பட, தானே புளிக்குழம்பு வைக்கிறாள். கணவன் நன்றாக இருக்கிறது என்று சொல்லி உண்கிறான். அவள் முகத்தில் மெல்லிய மகிழ்ச்சி. இல்லறத்தின் அழகு என்று பல ஆண்டுகள் இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அவள் சாப்பிட்டாளா, என்ன சாப்பிட்டாள் என்று எந்த மாணவரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. பாடலும் சொல்லவில்லை.

கைம்பெண்ணின் தட்டில் என்ன இருந்தது என்பதையோ புறநானூறு விவரமாகச் சொல்கிறது. 246ஆவது பாடல் பூதப்பாண்டியன் மனைவி பெருங்கோப்பெண்டு பாடியது. நெய் படாத, நீர் பிழிந்த சோறு, அரைத்த எள், புளி சேர்த்து வெந்த வேளைக்கீரை, படுக்கப் பரல் கல். இப்படி வாழ்வதைவிடக் கணவனின் ஈமத்தீ மேல் என்கிறாள் அந்த அரசி. 248ஆவது பாடலில் ஒக்கூர் மாசாத்தனார் ஆம்பலின் புல்லரிசியை வேளை தவறி உண்ணும் கைம்பெண்ணைக் காட்டுகிறார். மனைவியாக இருக்கும்வரை அவள் சமைப்பதைத்தான் பார்க்கிறோம். அவள் தனக்கென்று என்ன உண்கிறாள் என்பது, உண்ணக் கூடாதவை விதிக்கப்பட்ட பிறகே தெரிகிறது.

ஈராயிரம் ஆண்டுப் பழைய செய்தி என்று ஒதுக்கிவிட முடியாது. இருபதாம் நூற்றாண்டிலும் பிராமண வீடுகளிலும், அவர்களைப் பார்த்து நடந்த வேறு சில சாதிகளிலும் கைம்பெண்ணுக்கு ஒருவேளைச் சாப்பாடும் விலக்கப்பட்ட காய்களும் இருந்தன. 1951இல் வெளிவந்த 'சமைத்துப் பார்' நூலை எழுதிய எஸ். மீனாட்சி அம்மாள் இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். உறவினர் கே.வி. கிருஷ்ணசாமி ஐயர் தந்த ஊக்கத்தில் எழுதினார். கல்யாணமாகி வெளியூர் போகும் பெண்ணுக்குத் தாய் கொடுத்தனுப்பும் புத்தகமாக அது பல தலைமுறை ஓடியது. ஊரார் வீட்டு மருமகள்கள் எல்லோருக்கும் ருசியைக் கற்றுக்கொடுத்தவர், பெண்ணுக்கு ருசியே மறுக்கப்படும் நிலை ஒன்றிலிருந்து எழுதினார் என்பதை அந்தப் புத்தகத்தைத் திறக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

பெண் உடலுக்கென்று தனியாகச் சமைத்த உணவே நம்மிடம் இல்லையா என்றால், உண்டு. அதற்குப் பெயர் பத்தியம். பிள்ளை பெற்ற நாட்களில் பூண்டுக் குழம்பு, பால் சுறாப் புட்டு, பிரசவ லேகியம் என்று வேளை தவறாமல் வந்தது. எனக்கு அம்மாதான் செய்து போட்டார். நான் அடுப்படிப் பக்கமே போகவில்லை. பத்தியத்தில் சாப்பிடுகிறவள் ஒருத்தி, சமைக்கிறவள் இன்னொருத்தி. அதனால்தான் அது நடந்தது. ஆனால் அதுவும் பால் ஊற வேண்டும் என்பதற்காக. பிள்ளை பால் மறந்ததும் பத்தியம் முடிந்தது, நான் பழையபடி கடைசிப் பந்திக்கு வந்து சேர்ந்தேன்.

கைம்மை உணவு தண்டனை. பத்தியம் பராமரிப்பு, ஆனால் பிள்ளைக்காக. ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த மூன்றாவது பட்டியல் எங்கிருந்து வந்தது?

1918ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டு அமெரிக்காவில் லூலூ ஹண்ட் பீட்டர்ஸ் என்ற பெண் மருத்துவர் உணவும் உடல்நலமும் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். கலோரியை எண்ணி எடையைக் குறைக்கச் சொல்லிப் பெரும் விற்பனை கண்ட முதல் நூல் அது. 1,200 கலோரி என்ற எண்ணைப் பெண்கள் மனத்தில் பதியவைத்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. முதல் உலகப்போர்க் காலம் என்பதால் உடம்பில் கொழுப்பைச் சேர்த்துவைப்பது தேசத்துக்குச் செய்யும் துரோகம் என்கிற தொனியும் அதில் இருந்தது.

அதே 1918இல் நம் நீலகிரியில், குன்னூரில், ராபர்ட் மெக்கரிசன் பெரிபெரி நோய் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். சத்துக் குறைவால் வரும் நோய் அது. அந்தச் சிறிய ஆய்வுதான் வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்குப் போய், இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. மெக்கரிசனுக்குப் பின் வந்த அய்க்ராய்ட் 1937இல் குன்னூரிலிருந்து இந்திய உணவுகளின் சத்து மதிப்பையும் நிறைவான உணவைத் திட்டமிடுவதையும் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார். உணவைத் திட்டமிடுவது என்ற பேச்சு நம் மண்ணில் தொடங்கியது பசித்தவர்களுக்காக. என் வீட்டு ஃப்ரிட்ஜுக்கு வந்து சேர்ந்ததோ கலிஃபோர்னியாவின் எண்.

இதற்கு நடுவில் எங்கள் தட்டும் மாறியிருந்தது. அப்பத்தா சிவகங்கைப் பக்கம் மானாவாரிக் காட்டில் உழைத்தவர். காலையில் கம்பங்கூழ், மதியம் கேழ்வரகுக் களி, ஒரு கீரை, கருவாடு இருந்தால் கருவாடு. "இன்னைக்கு என்ன சமைக்கிறது?" என்று அவர் யாரையும் கேட்டதில்லை, அவரையும் யாரும் கேட்டதில்லை. எளிமைதான். ஆனால் உரலில் கம்பு இடித்த கையை நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன், அதனால் அந்த எளிமையைக் கொண்டாட எனக்கு மனம் வராது. என்ன சமைப்பது என்பது அவருக்குக் கவலை இல்லை, எவ்வளவு இடிப்பது என்பதுதான் கவலை.

1965இல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி திங்கட்கிழமை இரவு உணவைத் தவிர்க்கும்படி நாட்டு மக்களைக் கேட்டுக்கொண்டார். கேட்காமலே தவிர்த்துக்கொண்டிருந்தவர்கள் பல வீடுகளில் இருந்தார்கள். 1967 தேர்தலில் 'ரூபாய்க்கு மூன்று படி அரிசி' என்ற வாக்குறுதி ஆட்சியையே மாற்ற உதவியது. 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி இலவசமானது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் அரிசிச் சோறு கண்ட வீடுகளில் அது தினச் சோறானது. அது மானப் பிரச்சினை, சமத்துவப் பிரச்சினை. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அரிசி வந்த வேகத்தில் பருப்பும் காயும் முட்டையும் வரவில்லை. வந்தபோதும் பெண்ணின் தட்டுக்குக் கடைசியாகத்தான் வந்தன.

கூடவே கிரைண்டரும் மிக்ஸியும் வந்தன. இடிப்பதும் அரைப்பதும் குறைந்தன. மிஞ்சிய நேரம் பெண்ணுக்குக் கிடைத்ததா? பெண்கள் பத்திரிகைகளின் இலவச இணைப்பாக '30 வகைச் சட்னி', '30 வகைச் சாதம்' வந்தன. தினம் ஒன்று புதிதாகச் செய்யாதவள் அக்கறையற்றவள் என்றானது. "இன்னைக்கு என்ன சமையல்?" என்பது என்றைக்கும் இருந்த கேள்வி என்று நினைத்திருந்தேன். எங்கள் வீட்டில் அதற்கு வயது அம்மாவின் கல்யாண வயதுதான்.

இந்த வரலாற்றின் கணக்கு இப்போது நம் உடம்பில் எழுதப்பட்டிருக்கிறது. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையான பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடையோ உடற்பருமனோ உள்ளவர்கள். அதே ஆய்வில் இதே வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், அதிகம் தின்றதால் குண்டானாள் என்ற பேச்சு நிற்காது. வயிறு நிறைந்தும் சத்து சேராத உடம்பு இது. கடைசியில் உட்கார்ந்து, காய் தீர்ந்த பிறகு, மீந்த சோற்றோடு குழம்பை வழித்துச் சாப்பிடும் உடம்பு.

என் கதையும் அதுவே. அட்டவணையைப் பின்பற்றிய மூன்று மாதமும் என் வீட்டில் இரண்டு உலை கொதித்தது. அவர்களுக்குச் சாம்பார், பொரியல், அப்பளம். எனக்கு சூப், முளைகட்டிய பயறு, ஓட்ஸ். ஐந்து மணிக்கு எழுந்துகொண்டிருந்தவள் நாலேகாலுக்கு எழுந்தேன். இரவில் பாத்திரம் ஒழிக்கும்போது மகன் வைத்துவிட்டுப் போன அரைத் தோசை, சட்டியில் ஒரு கரண்டிக் குழம்பு, கொட்ட மனம் வராத ஒரு பிடி சோறு எல்லாம் என் வயிற்றுக்குள் போயின. அட்டவணையில் ஐந்து வேளைதான் இருந்தது. இந்த ஆறாவது வேளை அதில் இல்லை. சமைப்பது யார் என்ற பத்தியும் இல்லை. 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் தருகிறார்கள், ஆண்கள் 97 நிமிடம். டயட் அந்த 299ஐத்தான் கூட்டுகிறது. மூன்று மாதத்தில் நான் குறைத்தது ஒரு கிலோ.

அம்மா ஊருக்குத் திரும்பிய வாரம் அட்டவணையைக் கிழித்தேன். எடை குறைக்கும் எண்ணத்தை விடவில்லை, இரண்டாவது உலையை விட்டேன். எனக்கு எது நல்லதோ அதுவே மூன்று பேருக்கும் என்று வீட்டில் சொன்னேன். 2024இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டி, தானியங்களிலிருந்து வரும் கலோரி மொத்தத்தில் 45 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்கிறது. அது நோயாளிக்குச் சொன்னதில்லை, எல்லோருக்கும் சொன்னது. அப்படியிருக்க எனக்கு மட்டும் எதற்குத் தனித் தட்டு?

ஞாயிறு சாயங்காலம் மூவரும் உட்கார்ந்து ஒரு தாளில் வாரத்தை எழுதுகிறோம். காலைக்கு நான்கு நாள் கம்பு அல்லது கேழ்வரகுக் கூழ், மூன்று நாள் இட்லி. மதியம் ஒரு பருப்போ பயறோ போட்ட குழம்பு, இரண்டு காய். மூன்று டிபன் பாக்ஸிலும் அதுவே. அரிசி ஒன்றரை ஆழாக்கு, அளந்துதான் உலையில் போடுவோம். இரவுக்கு மதியக் குழம்பே, கூட முட்டையோ சுண்டலோ. மூன்று இரவு கணவர் சமையல், வியாழன் மகன். மீந்ததை யாரும் தின்று தீர்க்கக் கூடாது; மூடி ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாள் முதல் வரியாக எழுத வேண்டும். இந்தக் கடைசி விதிக்குப் பழகத்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது.

"திரும்பத் திரும்ப ஒரே மாதிரி இருக்கே" என்று கணவர் முதல் மாதம் சொல்லிக்கொண்டிருந்தார். 2022 செப்டம்பரில் தொடங்கிய பள்ளிக் காலை உணவுத் திட்டத்தில் திங்களுக்கு உப்புமா வகை, புதனுக்குப் பொங்கல் வகை என்று அரசாங்கமே கிழமை வைத்துப் போடுகிறது, பிள்ளைகள் சாப்பிடவில்லையா என்றேன். அதன் பிறகு அவர் பேச்சு குறைந்தது. அவர் சமைக்கும் இரவுகள் வந்ததும் 'ஒரே மாதிரி' எவ்வளவு நிம்மதி என்று அவருக்கே தெரிந்தது.

எட்டு மாதத்தில் ஐந்து கிலோ குறைந்திருக்கிறது. பெரிய சாதனை இல்லை. மூன்று கிலோ பாக்கி இருக்கிறது. ஆனால் காலை முக்கால் மணி நேரம் எனக்குத் திரும்பக் கிடைத்தது. அந்த நேரத்தில் நடக்கிறேன், சில நாள் எழுதுகிறேன், சில நாள் தூங்குகிறேன்.

தை மாதம் அம்மா மறுபடி வந்தார். காலையில் மேசையில் எல்லோருக்கும் கம்பங்கூழ், மோர், சின்ன வெங்காயம். என் தட்டையும் கணவர் தட்டையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. வழக்கம்போல, "நீங்க சாப்பிடுங்க, நான் அப்புறம் சாப்பிட்டுக்கிறேன்" என்று அடுப்படிப் பக்கம் நகர்ந்தார். "அம்மாச்சி, உங்களுக்கும் ஊத்திட்டேன், உட்காருங்க" என்றான் மகன். கொஞ்சம் தயங்கி உட்கார்ந்தார். இரண்டு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"கூழு நல்லாத்தான் இருக்கு. உப்புதான் பத்தல, கொஞ்சம் எடுத்துட்டு வா."

சாப்பிடும்போது அம்மா தனக்கென்று ஒன்று கேட்டு நான் அதுவரை கேட்டதில்லை.