யாருடைய உணவு? இலகு குதிரைப்படையும் ஐதர் காலமும்

பொம்மனஹள்ளியில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் மேல்மாடியில் பொறியியல் மாணவர் ஒருவர் குடியிருக்கிறார். சென்ற ஞாயிற்றுக்கிழமை இரவு அவர் ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ விளையாடிக்கொண்டிருந்தார். அருகில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். லாயத்திலிருந்து வரிசையாக இலகு குதிரை வீரர்களை உருவாக்கியவர் என்னிடம் திரும்பிச் சொன்னார்: “அண்ணா, இந்தக் குதிரைக்குத் தங்கமே வேணாம். எண்பது சாப்பாடு இருந்தாப் போதும். பத்துப் பேரை அனுப்பிட்டா எதிரியோட வயல்ல ஒருத்தனும் இருக்க மாட்டான்.”

பதினெட்டாம் நூற்றாண்டுத் தென்னிந்தியப் போர்களில் தானியம் எவ்வாறு திரட்டப்பட்டது, எவ்வாறு அழிக்கப்பட்டது என்பதே என் ஆய்வுப் பொருள். எனவே அவர் போகிற போக்கில் சொன்ன அந்த இரண்டு செய்திகளும் என்னை உறங்க விடவில்லை. குதிரைக்குப் பொன் வேண்டாம் என்பது ஒன்று. குதிரையின் இலக்கு எதிரியின் படை அன்று, வயல் என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் நம் வரலாற்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகவே இப்பதிவை எழுதுகிறேன். சற்று நீளமானது, பொறுத்தருள்க.

முதலில் விளையாட்டின் விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கவசம் அணிந்த ‘நைட்’ என்னும் குதிரை வீரருக்கு 60 உணவும் 75 பொன்னும் செலவாகும். இலகு குதிரை வீரருக்கு 80 உணவு மட்டுமே. அவர் கோட்டையை இடிக்க வல்லவர் அல்லர். ஈட்டிப்படையின் முன் நிற்கவும் மாட்டார். விரைந்து செல்வதும், வேவு பார்ப்பதும், உழவரையும் விறகுவெட்டியையும் துரத்துவதுமே அவர் தொழில். 2022இல் வெளியான இந்திய அரசமரபுகள் பற்றிய விரிவாக்கத்தில் ‘திராவிடர்’ என்றொரு தரப்பு சேர்க்கப்பட்டது. இராசேந்திர சோழன் அதில் ஒரு கதைத்தலைவன். அத்தரப்புக்கு நைட் கிடையாது. இலகு குதிரைப்படைக்கு மேல் அதன் குதிரைப்படை வளர்வதுமில்லை.

இதில் ஒரு வரலாற்று நியாயம் உண்டு. தமிழகத்தின் ஈரநிலம் குதிரை வளர்ப்புக்கு ஏற்றதன்று. புறநானூற்றில் ‘குதிரை மறம்’ என்றொரு துறையே இருப்பினும், கடல்வழி வந்து இறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை பேசுகிறது. பாண்டியர் காலத்தில் அந்த இறக்குமதி பெருவணிகமாயிற்று. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் ஒரு குதிரையின் விலை 220 செம்பொன் தினார் என்று குறிக்கிறார். வந்திறங்கிய குதிரைகளுக்கு வெண்ணெய் சேர்த்த தானியமும் காய்ச்சிய பசும்பாலும் கொடுத்ததை வியப்போடு எழுதுகிறார். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வாங்கியும் ஆண்டிறுதியில் நூறுகூட எஞ்சவில்லை என்பது மார்க்கோ போலோவின் கூற்று. மாணிக்கவாசகர் கதையை நினைத்துப் பாருங்கள். அமைச்சர் கையில் அரசன் கருவூலப் பொன்னைக் கொடுத்தனுப்புவது குதிரை வாங்கத்தான். நரி பரியான கதை அந்தப் பொன்னின் கணக்கிலிருந்தே பிறக்கிறது. பாண்டிநாட்டுக் குதிரை என்பது நான்கு காலில் நின்ற பொன்.

அவ்வாறெனில், பொன் வேண்டாத குதிரை நம் வரலாற்றில் எப்போது வந்தது?

விடையைத் தேட இவ்விளையாட்டின் கால எல்லையைத் தாண்டிப் பதினெட்டாம் நூற்றாண்டுக்கு வரவேண்டும். அப்போது தக்காணத்தின் வறண்ட மேட்டுநிலங்களில், குறிப்பாகப் பீமா ஆற்றுப் பள்ளத்தாக்கில், உருவிற் சிறிய, உழைப்புக்கு அஞ்சாத குதிரைகள் பெருமளவில் வளர்க்கப்பட்டன. அரபுக் குதிரையின் விலை இவற்றுக்கு இல்லை. மராட்டியரும், அவர்களோடு பொருதும் அவர்களிடம் கற்றும் வளர்ந்த மைசூர் அரசும் இத்தகைய குதிரைகளைக் கொண்டே தம் இலகு குதிரைப்படையைப் பெருக்கினர்.

அப்படை ஒரே வகையினதன்று. அரசின் குதிரையில் ஏறி மாதச் சம்பளம் பெற்றவர் ஒரு வகை. சொந்தக் குதிரையோடு வந்து சேர்ந்த சில்லேதார் இரண்டாம் வகை. சில்லேதாரின் முதலீடு முழுவதும் அவர் ஏறியிருக்கும் குதிரைதான். குதிரை மாண்டால் பிழைப்பும் மாண்டது. எனவே பீரங்கியின் எதிரே நேராகப் பாய்வதைவிடச் சுற்றி வளைப்பதையும் வழிமறிப்பதையும் அவர் விரும்பியதில் வியப்பில்லை. அதைக் கோழைமை என எழுதிய ஆங்கிலேயர் அந்தக் கணக்கைப் பார்க்கவில்லை. மூன்றாம் வகையினர் பிண்டாரி முதலிய பெயர்களால் அறியப்பட்ட ஒழுங்கிலாக் குதிரையினர். அவர்களுக்குச் சம்பளம் சிறிது, அல்லது இல்லை. கொள்ளையில் பங்கே கூலி. அரசின் கருவூலத்திலிருந்து பொன் வெளியேறாத குதிரைப்படை இதுவே.

இதன் ஆற்றலைச் சென்னை மூன்று முறை கண்டது. 1767இல் இளைஞரான திப்பு சிறு குதிரைப்படையுடன் சென்னையின் புறநகர்த் தோட்டவீடுகள் வரை வந்து திரும்பினார். 1769 மார்ச்சு இறுதியில் ஐதர் அலி ஏறத்தாழ 6,000 குதிரை வீரரைத் தெரிந்தெடுத்து, 130 மைல் தொலைவை மூன்றரை நாளில் கடந்து பரங்கிமலையில் தோன்றினார். கம்பெனியின் முதன்மைப் படை அவருக்குப் பின்னால் எங்கோ நின்றது. கோட்டையை அவர் முற்றுகையிடவில்லை. அதற்கான பீரங்கியும் அவரிடம் இல்லை. நகருக்கும் அதை ஊட்டிய ஊர்களுக்கும் நடுவே வந்து நின்றார், அவ்வளவே. ஏப்ரல் தொடக்கத்தில் ஆளுநர் குழு உடன்படிக்கையில் கையெழுத்திட்டது.

விளையாட்டில் குதிரைக்கு அஞ்சுபவர் செய்வதையே கம்பெனியும் செய்தது: மதில் எழுப்பியது. கறுப்பர் நகரைச் சுற்றி எழுந்த அம்மதிலைக் கட்டும் ஒப்பந்தம் பால் பென்ஃபீல்டு என்பவருக்குக் கிடைத்தது. அதற்கான வரியின் பெயரை வால்டாக்ஸ் சாலை இன்றும் தாங்கி நிற்கிறது. சென்னை சென்ட்ரலில் இறங்கி அச்சாலையில் நடப்பவர் அனைவரும் ஐதரின் குதிரைகளுக்கு அஞ்சி எழுந்த மதிலின் நிழலிலேயே நடக்கிறார்கள்.

மூன்றாம் முறை மிகக் கொடியது. 1780 ஜூலையில் ஐதரின் பெரும்படை செங்கம் கணவாய் வழியாகக் கர்நாடகப் பகுதியில், அதாவது இன்றைய வட தமிழகத்தில், இறங்கியது. செப்டம்பர் 10ஆம் நாள் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்ததை எல்லா நூல்களும் பேசுகின்றன. சீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகையின் சுவரில் அது ஓவியமாகவும் நிற்கிறது. ஆனால் அவ்வெற்றிக்கு முன்னும் பின்னும் நடந்ததற்கு ஓவியம் இல்லை. சென்னையைச் சுற்றியும் வேலூரைச் சுற்றியும் கம்பெனிக்கு ஒரு பிடி தானியமும் கிடைக்கலாகாது என்னும் நோக்கில் ஊர்கள் எரிக்கப்பட்டன. கால்நடைகள் ஓட்டிச் செல்லப்பட்டன. மக்கள் ஊரைவிட்டு ஓடினர். தளபதி அயர் கூட் 1781இல் பறங்கிப்பேட்டையில் வென்ற பிறகும் கடற்கரையை விட்டு நெடுந்தொலைவு செல்ல இயலாமல் தவித்தார். அவர் படைக்கு அரிசி கப்பலில் வரவேண்டியிருந்தது. போர்க்கலை நோக்கில் ஐதரின் திட்டம் பலித்தது.

அதன் விலையை யார் கொடுத்தார்கள்? ஊரிழந்தவர்கள் சென்னையை நோக்கி வந்தார்கள். பஞ்சம் நகருக்குள் நுழைந்தது. அவர்களுக்குக் கஞ்சி ஊற்ற 1782இல் தொடங்கப்பெற்றதே மணியக்காரர் சத்திரம். பிற்காலத்தில் ஸ்டான்லி மருத்துவமனையாக வளர்ந்த அதனை வடசென்னைப் பெரியவர்கள் இன்றும் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்கிறார்கள். அப்பெயரில் இருக்கும் கஞ்சி அந்தப் பஞ்சத்தின் கஞ்சி.

இவ்விடத்தில் நேர்மை ஒன்று தேவை. இப்பேரழிவை ஐதர் ஒருவர் தலையில் மட்டும் சுமத்துவது கம்பெனி எழுத்தாளர்கள் நமக்குக் கற்றுக்கொடுத்த பழக்கம். நாட்டின் விளைச்சல் ஆற்காட்டு நவாபின் கடனுக்கு வட்டியாக ஏற்கெனவே உறிஞ்சப்பட்டிருந்தது. அக்கடன்காரர்களுள் முதன்மையானவர் மேலே சொன்ன மதில் ஒப்பந்தக்காரர் பென்ஃபீல்டேதான். எட்மண்ட் பர்க் 1785இல் பிரித்தானிய நாடாளுமன்றத்தில் இக்கடன்களைப் பற்றி நிகழ்த்திய நீண்ட உரையில் இருவகை அழிவுகளையும் சேர்த்தே பேசினார். உழவரின் களத்துக்குக் குதிரையில் வந்தவனும் உண்டு. கடன் பத்திரத்தோடு வந்தவனும் உண்டு.

இனி நான் குடியிருக்கும் ஊருக்கு வருகிறேன். 1791 மார்ச்சில் காரன்வாலிஸ் பெங்களூரை முற்றுகையிட்டார். 6ஆம் நாள் கர்னல் ஃபிளாய்டு கம்பெனியின் குதிரைப்படையை நடத்திச்சென்று, முகத்தில் குண்டடிபட்டுத் தோற்றுத் திரும்பினார். 21ஆம் நாள் இரவு கோட்டை விழுந்தது. ஆயினும் மே மாதத்தில் சீரங்கப்பட்டணத்தை நெருங்கிய காரன்வாலிஸ் அதை முற்றுகையிட முடியாமல், பெரும் பீரங்கிகளைத் தாமே அழித்துவிட்டுத் திரும்பினார். அவரைத் தடுத்தது பசி. திப்புவின் குதிரைப்படை வழியெங்கும் தானியத்தையும் வைக்கோலையும் இல்லாமற் செய்திருந்தது. வண்டிமாடுகள் ஆயிரக்கணக்கில் மாண்டன. இம்முறை எரிந்தது மைசூரின் சொந்த ஊர்கள். ஓடியவர்கள் கன்னட உழவர்கள். தந்தை எதிரியின் நாட்டில் செய்ததை மகன் தம் நாட்டிலேயே செய்ய நேர்ந்தது.

அடுத்த முறை காரன்வாலிஸ் உணவுக்கு வழி செய்த பிறகே புறப்பட்டார். பொதிமாடுகளில் தானியம் கொணர்ந்த இலம்பாடி வணிகர்களை நாடினார். ஜூலையில் ஓசூரைப் பிடித்துப் பாராமகால் வழியைத் திறந்தார். இன்று பொம்மனஹள்ளியைப் பிளந்துகொண்டு, தலைக்கு மேல் ஒரு மேம்பாலத்தையும் சுமந்து செல்லும் ஓசூர் சாலை அந்தத் திசையில்தான் போகிறது. கிருட்டிணகிரி, தருமபுரி, சேலம் பக்கங்களிலிருந்து காய்கறி ஏற்றிவரும் வண்டிகளின் ஒலி விடியுமுன் என் சன்னலுக்குக் கேட்கிறது. இவ்வழி அடைபட்டால் இந்நகரம் என்ன உண்ணும் என்று ஐதரின் குதிரை வீரர் ஒருவர் உடனே கணக்கிட்டிருப்பார்.

ஆகவே அந்த மாணவரின் சொல்லுக்குத் திரும்புகிறேன். பொன் வேண்டாம், எண்பது உணவு போதும் என்னும் விதி முதலில் எனக்குப் பிழையாகத் தோன்றியது. பாண்டியர் குதிரையை வைத்துப் பார்த்தால் அது பிழைதான். 1780ஐ வைத்துப் பார்த்தால் அது அஞ்சத்தக்க அளவுக்குச் சரி. பொன் கேளாத குதிரைப்படை உணவைத்தான் கேட்கும். விளையாட்டு சொல்லாமல் விடுவது ஒன்றை மட்டும்: யாருடைய உணவு? திரையில் அது ஆடுபவரின் களஞ்சியத்திலிருந்து கழிகிறது. ஆற்காட்டுச் சீமையில் அது எதிரே இருந்தவரின் களஞ்சியத்திலிருந்து கழிந்தது. ஆநிரை கவர்தலாகிய வெட்சியைப் போரின் தொடக்கமாக வைத்த நம் இலக்கண மரபு இதை நன்கறியும்.

விளையாட்டில் இறந்த உழவருக்கு ஈடாக 50 உணவு கொடுத்தால் 25 நொடியில் இன்னொருவர் வருகிறார். வரலாற்றில் அந்த 25 நொடி எத்தனை ஆண்டு என்பதைத்தான் வரிக்கணக்குகளில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

என் சொந்த ஊர் ஆரணிக்கு அருகில். எங்கள் பாட்டி பழைய உரலையும் துருப்பிடித்த பூட்டையும் ‘ஐதர் காலத்துது’ என்பார். நாமும் பழைய பேருந்தை அப்படித்தான் சொல்லிச் சிரிக்கிறோம். அம்மன்னரின் பெயரால் ஏன் நம் வட்டாரம் பழமையை அளக்கிறது என்று நான் சிறுவயதில் கேட்டதில்லை. அது ஒரு காலத்தில் அச்சத்தின் பெயர். ‘ஐதர் கலாபம்’ என்று முன்னோர் அதைக் குறித்தார்கள். அச்சம் தேய்ந்து, பழமை மட்டும் எஞ்சியிருக்கிறது.

அந்த மாணவரை விளையாட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நானும் இரண்டு ஆட்டம் ஆடித் தோற்றேன். இந்தக் கதையை அவரிடம் சொன்னபோது சற்று நேரம் அமைதியாக இருந்துவிட்டு, “எங்க தாத்தா ஊர் ராயக்கோட்டை அண்ணா. அங்கயும் நடந்திருக்குமா?” என்று கேட்டார். ராயக்கோட்டையும் அதே 1791இல் கைமாறியது என்றேன்.

வட ஆற்காடு, செங்கற்பட்டு, பாராமகால் பகுதி நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் ஐதர் கலாபத்தின்போது இடம்பெயர்ந்த குடும்பம், புதைத்து வைத்த தானியக் குழி, பாழாய்ப்போன ஊரின் பெயர் பற்றிப் பெரியவர்கள் ஏதேனும் சொல்லியிருந்தால் கீழே எழுதுங்கள். பொள்ளிலூர் வெற்றியை வரைய அரண்மனைக்கு ஓவியர் இருந்தார். ஓடிப்போன ஊர்களுக்கு நம் பாட்டிமார் நினைவு மட்டுமே இருக்கிறது.